இரண்டாவது ஷூ எப்போது விழும்? ஓர் ஆங்கிலத் தொடர் பற்றிய விவாத இழை

17 அக்டோபர் 2024 | வாசகர் கேள்வி

வணக்கம் டீச்சர். வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன், போட்டித் தேர்வுக்குப் படித்து வருகிறேன். மாதிரித் தேர்வு ஒன்றில் 'வெயிட்டிங் ஃபார் தி அதர் ஷூ டு டிராப்' (சொல்லுக்குச் சொல், 'ஜோடியில் மற்ற ஷூவும் விழக் காத்திருத்தல்') என்ற தொடருக்குப் பொருள் கேட்டிருந்தார்கள். 'ஆவலோடு எதிர்பார்த்துக் காத்திருத்தல்' என்ற விடையைத் தேர்ந்தெடுத்தேன்; தவறு என்று மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். காத்திருப்பது என்றால் எதிர்பார்ப்பதுதானே? சம்பள உயர்வுக்குக் காத்திருப்பவரைப் பற்றி இந்தத் தொடரைச் சொல்லக் கூடாதா?

17 அக்டோபர் 2024, இரவு

தம்பி, அவர்கள் மதிப்பெண் குறைத்தது சரிதான். இந்தத் தொடர் எல்லா விதமான எதிர்பார்ப்புக்கும் பொருந்தாது. முதலில் ஒன்று நடந்து முடிந்திருக்க வேண்டும். அதனோடு இணைந்த இன்னொன்று நடந்தே தீரும் என்று காத்திருப்பவர் நம்ப வேண்டும். அது பெரும்பாலும் விரும்பத்தகாததாக இருக்கும். எப்போது வரும் என்பது அவர் கையில் இருக்காது. இவை எல்லாம் ஒன்றுகூடிய நிலையில் ஒருவர் படும் அவஸ்தைக்குத்தான் ஆங்கிலம் பேசுவோர், குறிப்பாக அமெரிக்கர்கள், இந்தத் தொடரைப் பயன்படுத்துகிறார்கள். சம்பள உயர்வு நல்ல செய்தி. அதற்கு முன்னால் விழுந்த முதல் ஷூ என்று எதுவும் இல்லை. ஆகவே அங்கே இது பொருந்தாது.

இதன் பின்னால் பரவலாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அது துணுக்காக வழங்கி வந்தது. நியூயார்க் போன்ற நகரங்களில் மரத்தளம் போட்ட நெருக்கமான அடுக்குக் குடியிருப்புகளில் மேல்வீட்டு ஓசை முழுவதும் கீழ்வீட்டுக்குக் கேட்கும். இரவு வெகுநேரம் கழித்துத் திரும்பிய மேல்வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றித் தரையில் போடுகிறார். 'தொம்' என்று சத்தம் எழுகிறது. கீழே ஒருவர் உறங்குவது அப்போதுதான் அவருக்கு நினைவு வருகிறது. எனவே அடுத்த ஷூவை ஓசைப்படாமல் மெல்ல இறக்கி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார். நெடுநேரம் கழித்துக் கீழிருந்து குரல் வருகிறது: "அந்த இன்னொரு ஷூவையும் போட்டுத் தொலையுங்கள், நான் தூங்க வேண்டும்!"

18 அக்டோபர் 2024

நேற்று எழுதியதைப் படித்த இன்னொருவர், 'முதல் ஷூ கட்டாயம் தேவையா, அதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறீர்கள்' என்று கேட்டிருக்கிறார். இந்த வாரம் நாம் எல்லோரும் பார்த்த மழையையே எடுத்துக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை, 15ஆம் தேதி, மழை கொட்டியது. அதுதான் முதல் ஷூ. மறுநாள் அதிகனமழை என்று சிவப்பு எச்சரிக்கை விடுத்தார்கள், பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்தார்கள். வேளச்சேரிப் பக்கம் மக்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் நிறுத்தினார்கள். எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் கார் குறைவு. அதனால் குளிர்சாதனப் பெட்டியைச் செங்கல் அடுக்கி உயர்த்தினார்கள், ரேஷன் அட்டையையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் பாலித்தீன் பையில் சுற்றிப் பரண் மேல் வைத்தார்கள். புதன்கிழமை முழுவதும் வானத்தைப் பார்த்தபடியே இருந்தோம். தாழ்வு மண்டலம் வடக்கே விலகியது. வியாழன் அதிகாலை சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்து போனது. அஞ்சிய மழை வரவில்லை.

அந்தப் புதன்கிழமையில் எங்கள் தெரு இருந்த நிலைக்கு இந்தத் தொடர் முழுமையாகப் பொருந்தும். திங்கட்கிழமை, மழையே தொடங்காதபோது, வெறும் முன்னறிவிப்பைக் கேட்டுக் கவலைப்பட்டோமே, அதற்குப் பொருந்தாது. அது வெறும் அச்சம். தலைக்கு மேல் ஒற்றைக் குதிரைமயிரில் வாள் தொங்க விருந்துண்ட டெமாகிளிஸ் கதையை ஆங்கிலத்தில் அந்த நிலைக்குச் சொல்வார்கள். அங்கே எதுவும் இன்னும் விழவில்லை. ஷூவின் கதையில் ஒன்று விழுந்துவிட்டது. ஷூ ஜோடியாகத்தான் வரும் என்பதால், அந்த முதல் ஓசையே இரண்டாவதற்கான உறுதிமொழி ஆகிவிடுகிறது.

18 அக்டோபர் 2024, மாலை

'நம் ஊரில் ஷூவை வாசலிலேயே கழற்றி விடுகிறோம், இது நமக்கு எப்படிப் புரியும்' என்ற கேள்விக்கு: பொருள் புரிவதற்குப் பொருளே வீட்டில் இருக்க வேண்டியதில்லை. நான் பிறந்து வளர்ந்தது பழைய வண்ணாரப்பேட்டையில், முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனம் இருந்த வீட்டில். மாடியில் மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய பாணிச் செங்கல்-சுண்ணாம்புத் தளம், தேக்கு உத்திரம். மேலே ஒருவர் மடக்குக் கட்டிலை விரித்தால் ஒரு பக்கத்துக் கால் தரையில் இடிக்கும் சத்தம் கேட்டதும் கீழே படுத்திருக்கும் நாங்கள் அடுத்த பக்கத்துக் கால் இடிக்கும் வரை கண்ணை மூட மாட்டோம். இந்தத் தொடரை வகுப்பில் முதன்முதலாக நடத்தியபோது நான் சொன்ன உதாரணம் இதுதான். அதற்குப் பிறகு யாரும் பொருள் கேட்கவில்லை.

21 அக்டோபர் 2024

தமிழில் இதற்கு இணையான பழமொழிகளாகச் சிலவற்றை வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். 'பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்' என்பதைத்தான் பலரும் சொல்கிறார்கள். நெருங்கி வருகிறது, ஆனாலும் அது அடி மேல் அடி விழுந்த பிறகு பெருமூச்சு விட்டுச் சொல்வது. இரண்டு அடிகளுக்கும் இடைப்பட்ட நேரம் அதில் இல்லை. 'யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே' என்பதில் மணியோசை யாருக்கும் தீங்கு செய்வதில்லை. வரப்போவதை அறிவித்து, ஒதுங்க வழியும் தருகிறது. முதல் ஷூ அப்படி எதையும் தருவதில்லை, தூக்கத்தைக் கெடுத்துவிட்டுத்தான் அறிவிக்கிறது. 'இலவு காத்த கிளி' நல்லதை எதிர்பார்த்து ஏமாந்தது. அது முற்றிலும் வேறு திசை. இணை தேடுவதை இதோடு விட்டுவிட்டு, இந்தத் தொடரால் எந்த நிலையைச் சொல்ல முடிகிறது என்பதையே பார்ப்போம்.

24 அக்டோபர் 2024

மூன்று நாட்களாக இதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நம் வடசென்னையின் வரலாற்றில் இந்தத் தொடருக்கு மிகப் பொருத்தமான இரவு 1914 செப்டம்பர் 22 என்று எனக்குத் தோன்றுகிறது. ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் அன்றிரவு ஒன்பது மணிக்கு மேல் சென்னைத் துறைமுகத்துக்கு அருகே வந்து, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர் நீதிமன்ற வளாகத்திலும் குண்டு விழுந்தது, அதை நினைவூட்டும் கல்வெட்டு இன்றும் அங்கே இருக்கிறது. அரை மணி நேரம் போல நடந்த தாக்குதல் அது. கப்பல் இருளில் போய்விட்டது.

கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. கப்பல் திரும்பி வரும் என்று ஊர் நம்பியது. ஜார்ஜ் டவுனிலும் ராயபுரத்திலும் இருந்தவர்கள் மூட்டை முடிச்சுகளோடு ரயிலிலும் மாட்டுவண்டியிலும் வெளியூர் கிளம்பினார்கள். அவர்கள் அப்படிக் கிளம்பிக்கொண்டிருந்த நாட்களில் எம்டன் தெற்கே இறங்கி இலங்கையைச் சுற்றி மேற்கே போய்விட்டது. பிறகு பினாங்கு துறைமுகத்தில் ரஷ்யக் கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகில் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பலிடம் அடிபட்டுக் கரையேறிச் சிதைந்தது. சென்னைப் பக்கம் அது திரும்பவே இல்லை. இரண்டாவது ஷூ எப்போதோ மெல்ல இறக்கி வைக்கப்பட்டுவிட்டது. கீழ்வீட்டுக்கு அது தெரிய வழியில்லை.

1942 ஏப்ரலிலும் இதே நிலைதான். 5ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. அடுத்தது சென்னைதான் என்று அரசே நம்பியது. அவசியமில்லாதவர்கள் நகரை விட்டுப் போகலாம் என்று அறிவித்தது. சென்ட்ரல் அருகே இருந்த மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகளை, குண்டு விழுந்தால் தப்பி வெளியே வந்துவிடும் என்று அஞ்சிச் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் படையெடுப்பு வரவில்லை. வராத ஒன்றுக்காக உண்மையான புலிகளும் சிங்கங்களும் செத்தன என்பதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனக்கிறது. காத்திருப்பவர்கள் சும்மா காத்திருப்பதில்லை. அந்த இடைவேளையில் திரும்பப் பெற முடியாத முடிவுகளை எடுத்துவிடுகிறார்கள்.

25 அக்டோபர் 2024

'அப்படியானால் இரண்டாவது ஷூ விழாது என்பதுதான் பொருளா' என்று தம்பி கேட்கிறார். இல்லை. தேர்வில் 'தவிர்க்க முடியாத கெட்ட நிகழ்வுக்காகக் காத்திருத்தல்' என்ற விடையையே எழுத வேண்டும். வழக்கில் நிலைத்துவிட்ட பொருள் அது. 'தி அதர் ஷூ டிராப்ட்' என்று இறந்தகாலத்தில் சொன்னால், அஞ்சியபடியே இரண்டாவதும் நடந்துவிட்டது என்று பொருள். நான் சொல்ல வந்தது வேறு: கதையில் அது விழவே இல்லை, வழக்கில் அது விழுந்தே தீரும். இந்த முரணை அகராதிகள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் தொடரின் வலிமையே அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் காத்திருக்கும் நேரத்தில் விழப்போகும் ஷூவையும் ஏற்கெனவே இறக்கி வைக்கப்பட்ட ஷூவையும் கீழே இருப்பவரால் வேறுபடுத்தவே முடியாது. இரண்டும் ஒரே மௌனமாகத்தான் கேட்கும்.

26 அக்டோபர் 2024

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டுக் காசிமேட்டிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார்: 'எங்களுக்கு இது கதை இல்லை, டிசம்பர் 30 ஞாபகம் இருக்கிறதா?' இருக்கிறது, அம்மா. இந்த இழையில் இளைஞர்களும் இருப்பதால் அதை விரிவாகவே சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழிப்பேரலை வந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு நான்கு நாட்களுக்குப் பிறகு, 30ஆம் தேதி, இன்னொரு அலை வரக்கூடும் என்று மத்திய உள்துறை அமைச்சகத்திலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. தனியார் கணிப்பு ஒன்றை நம்பி விடுக்கப்பட்டது அது. கடலோரம் முழுவதும் மக்கள் ஓடினார்கள். ராயபுரத்திலிருந்து மேற்கே போகும் தெருக்களில் நான் அன்று கண்டதை என்னால் மறக்க முடியாது: உறவினரை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள், இன்னும் காயம் ஆறாதவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கே போகிறோம் என்று தெரியாமலேயே நடந்தவர்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் மாலை வரை உட்கார்ந்திருந்தது. அந்தக் கணிப்புக்கு அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை என்று பிறகு மத்திய அமைச்சரே அறிவித்தார். அந்தக் குடும்பத்தார் எழுந்து போனபோதும் யார் முகத்திலும் நிம்மதி இல்லை.

2005 மார்ச் 28 இரவு சுமத்ராவுக்கு அருகே மறுபடியும் பெரிய நிலநடுக்கம் வந்தபோதும், 2012 ஏப்ரல் 11 அன்று சென்னையிலேயே கட்டடங்கள் அசைந்தபோதும் இதேபோலக் கரையோரம் காலியானது. இரண்டு முறையும் இங்கே பெரிய அலை எழவில்லை. அதற்காக, ஓடியவர்களைப் பதறியவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. முதல் ஷூவின் ஓசையைக் கேட்டவர்கள் அவர்கள். கேட்காதவர்களுக்கு அந்த ஓட்டம் மிகையாகத் தெரியலாம்.

26 அக்டோபர் 2024, இரவு

சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று: ஆழிப்பேரலை என்பதே ஒற்றை அலை கிடையாது, ஒன்றன்பின் ஒன்றாகப் பல அலைகள் வரும், முதலில் வருவதைவிடப் பின்னால் வருவது பெரியதாகவும் இருக்கலாம். எனவே முதல் அலைக்குப் பிறகு கரைக்குத் திரும்பாமல் காத்திருப்பது முழுக்க முழுக்க அறிவுடைய செயல். ஆங்கிலத் தொடர் அந்தக் காத்திருப்பின் வேதனையை மட்டும் சொல்கிறது. அது தேவையா தேவையற்றதா என்ற தீர்ப்பைச் சொல்வதில்லை. நேற்றைய என் குறிப்பைப் படித்துவிட்டு 'இரண்டாவது வராமலும் போகலாம், அலட்டிக்கொள்ள வேண்டாம்' என்று யாராவது எடுத்துக்கொண்டிருந்தால், தயவு செய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள்.

3 நவம்பர் 2024

அலுவலகச் சூழலில் இந்தத் தொடரை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆங்கில வணிகச் செய்திகளில் இது அதிகம் புழங்குவது ஆட்குறைப்பைப் பற்றிப் பேசும்போதுதான்: முதல் தொகுதி ஊழியர்களை அனுப்பிவிட்டார்கள், மீதமுள்ளவர்கள் அடுத்த பட்டியலுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது போல.

என் அண்ணன் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். முதலில் இரவு ஷிப்டை நிறுத்தினார்கள். அடுத்து தற்காலிகத் தொழிலாளர்களை வர வேண்டாம் என்று சொன்னார்கள். நிரந்தரத் தொழிலாளர்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. அதற்குப் பிறகு பல மாதங்கள் அவர் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார், நுழைவாயிலில் இருக்கும் அறிவிப்புப் பலகையைப் பார்ப்பார், ஒன்றும் இல்லை என்று உள்ளே போவார். அந்த மாதங்களில் அவர் புதுச் சட்டை வாங்கவில்லை. மகளைத் தனியார் கல்லூரியில் சேர்க்கலாமா என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். பல் வலிக்குக்கூட மருத்துவரிடம் போகாமல் கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். விருப்ப ஓய்வு அறிவிப்பு ஒருநாள் வந்தது. வீட்டில் எல்லோரும் இடிந்து போயிருந்தோம். அவர் மட்டும் சாப்பிட்டுவிட்டு, "இனிமே என்னா பண்றதுன்னு யோசிக்கலாம்" என்று சொல்லிப் படுத்து, நெடுநாளைக்குப் பிறகு விடியும் வரை தூங்கினார்.

கீழ்வீட்டுக்காரர் 'போட்டுத் தொலையுங்கள்' என்று கத்தியதன் பொருள் எனக்கு அன்றுதான் முழுமையாக விளங்கியது. அவர் அந்த ஓசையை விரும்பவில்லை. அது வந்து முடிந்துவிட வேண்டும் என்று விரும்பினார். கெட்ட செய்தியை ஒரே நாளில் முழுமையாகச் சொல்லிவிடும் நிர்வாகத்தைவிட, பாதியைச் சொல்லிவிட்டுப் பாதியை மறைத்து வைக்கும் நிர்வாகம் தொழிலாளிக்கு அதிகக் கொடுமை செய்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மருத்துவர்களுக்கும் இது பொருந்தும். 'ஸ்கேனில் ஏதோ நிழல் தெரிகிறது, பார்ப்போம்' என்று சொல்லி அனுப்பும்போது, அடுத்த முடிவு எந்தக் கிழமை வரும், யாரைக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அந்த வீட்டில் இருப்பவர்களால் அதுவரை உண்ணவும் உறங்கவும் முடியும்.

12 நவம்பர் 2024

பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு வாசகர், தன் அலுவலகத்தில் இளையவர்கள் இதை வேறு மாதிரிச் சொல்கிறார்கள் என்கிறார்: 'எல்லாம் நன்றாகப் போகிறது, அதனால்தான் பயமாக இருக்கிறது, ஐ ஆம் ஜஸ்ட் வெயிட்டிங் ஃபார் தி அதர் ஷூ டு டிராப்.' முதல் ஷூ எங்கே என்று அவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. இந்த வழக்கு இப்போது மிகவும் பரவிவிட்டது. மனநலம் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் பெரும்பாலும் இந்தப் பொருளில்தான் பார்க்கிறேன். தேர்வுக்குப் படிப்பவர்கள் பழைய இலக்கணத்தையே பின்பற்றுங்கள்.

15 நவம்பர் 2024

மேலே எழுதியது போதாது என்று தோன்றுகிறது. நன்றாகப் போகும்போது அஞ்சுபவர்களுக்கு முதல் ஷூ இல்லை என்று எப்படிச் சொல்வது? எண்ணூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் வந்தது. வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படர்ந்தது; வலைகளும் படகுகளும் கறுத்தன, மீன்பிடிப்பு நின்றது, எண்ணெயை அள்ளுவதற்கு மீனவர்களே இறங்கினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், கடலுக்கு அடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி இருட்டில் ஓடினார்கள்.

அங்கே இருக்கும் என் முன்னாள் மாணவி ஒருத்தி சொன்னாள்: "மிஸ், காத்து நல்லா வீசினாலும் மொதல்ல மூக்கத்தான் நம்பணும்னு ஆயிடுச்சு." வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அமைதியான மாலை, காரணமில்லாத பயமாகத் தோன்றும். அவளுக்கு முதல் ஷூ எப்போதோ விழுந்துவிட்டது. எந்த ஓசைக்கு எது ஜோடி என்பது மட்டும்தான் தெரியவில்லை. பெங்களூர் இளைஞர்களிலும் சிலர் சிறு வயதில் அப்படி ஓர் ஓசையைக் கேட்டவர்களாக இருக்கலாம். எனவே புதிய வழக்கைத் தவறு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. முதல் நிகழ்வு வாக்கியத்தில் இல்லாமல் வாழ்க்கையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

1 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் நேற்று இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. இங்கே மழை கடுமையாக இருந்தது, தெருவில் தண்ணீர் நிற்கிறது. மின்சாரம் இருப்பதால் எழுதுகிறேன். விழுப்புரம், புதுச்சேரிப் பக்கம் உறவினர் உள்ளவர்கள் இந்த இழையில் இருந்தால் அவர்கள் நலம் குறித்து எழுதுங்கள்.

இந்தத் தொடருக்கு இயற்கையே எழுதிய விளக்கம் என்று சொல்லத்தக்கது 2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா புயல். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாட்களாக நினைத்திருந்தேன். அன்று காலையிலிருந்து வடக்கிலிருந்து காற்று அடித்தது. எங்கள் தெருவில் முருங்கையும் வேம்பும் சாய்ந்தன, ஆஸ்பெஸ்டாஸ் கூரைகள் பறந்தன. பிற்பகலில் திடீரென்று எல்லாம் நின்றது. இலை அசையவில்லை. மக்கள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்கள். ஒருவர் பறந்து போன தகரத்தைத் தேடிக்கொண்டு போனார், பிள்ளைகள் விழுந்த கிளைகளின் மேல் ஏறினார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் தந்தை வாசலில் நின்று உரக்கச் சொன்னார்: "காத்து திரும்பிக்கினு வரும், எல்லாம் உள்ள போங்க!"

அது புயலின் கண். நம் பக்கத்துப் புயல்களில் காற்று மையத்தைச் சுற்றி இடஞ்சுழியாக வீசுகிறது. கிழக்கிலிருந்து புயல் நெருங்கும்போது நமக்கு வடக்குக் காற்று, மையம் நம்மைக் கடக்கும்போது அமைதி, கடந்த பிறகு தெற்குக் காற்று. வடக்குக் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வேர் தளர்ந்து நிற்கும் மரம், எதிர்த்திசைக் காற்று வந்ததும் பிடுங்கிக்கொண்டு விழுகிறது. அன்றும் அப்படித்தான் நடந்தது. தகரம் தேடிப் போனவர் ஓடி வந்து எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். தெருவில் மற்றவர்களுக்கு அந்த அமைதி முடிவாகத் தெரிந்தது. அவர்கள் எதற்கும் காத்திருக்கவில்லை. தந்தை ஒருவருக்கு மட்டுமே அது இடைவேளை. ஆகவே 'வெயிட்டிங் ஃபார் தி அதர் ஷூ' என்பது அந்த நேரத்தில் அவருக்கு மட்டுமே பொருந்தும். ஷூ ஜோடியாக வரும் என்று அறிந்தவர்தான் இரண்டாவதற்குக் காத்திருக்க முடியும். எம்டன் காலத்து மக்களுக்கு அப்படிப்பட்ட அறிவு கிடைக்க வழியில்லை. கப்பல் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வர்தா நாளில் வானிலை மையம் சொன்னது, தந்தை சொன்னார். காத்திருந்த அவஸ்தையைவிட, யார் சொல்வதைக் கேட்க முடிந்தது என்பதே அன்று உயிரைக் காத்தது.

2 டிசம்பர் 2024

விழுப்புரத்திலிருந்து எழுதிய இருவருக்கும் நன்றி. குடும்பத்தார் நலமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி.

6 டிசம்பர் 2024

வியாசர்பாடித் தம்பி நான்கு வாக்கியங்களை எழுதித் திருத்தக் கேட்டிருக்கிறார். தமிழிலேயே சொல்லி விளக்குகிறேன்.

முதல் வாக்கியம், மேலாளர் வேலையை விட்டுப் போனார், துணை மேலாளரும் போய்விடுவாரோ என்று ஊழியர்கள் காத்திருக்கிறார்கள் என்பது, சரி. இரண்டாவது, அம்மா சமைத்து முடிக்கக் காத்திருக்கிறேன் என்பது. எந்த வகையிலும் பொருந்தாது. மூன்றாவது, முதல் தாளில் தோற்றுவிட்டேன், இரண்டாவது தாளின் முடிவுக்குக் காத்திருக்கிறேன் என்பது. இரண்டாவதிலும் தோல்விதான் என்று உறுதியாக அஞ்சினால் சரி. எப்படி எழுதினோம் என்று தெரியாமல் காத்திருந்தால் சரியாகாது. வாக்கியத்தில் அந்த அச்சம் தெரியும்படி எழுதுங்கள். நீங்கள் தேர்ச்சி பெறுவீர்கள் என்றே நினைக்கிறேன், ஆனால் அது இலக்கணத்துக்கு அப்பாற்பட்டது.

நான்காவது வாக்கியத்தில் கருத்து சரி, சொல் தவறு. 'அனதர் ஷூ' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி எழுதினால் ஏதோ ஒரு மூன்றாவது ஷூ என்று ஆகிவிடும். ஜோடியில் மீதமிருக்கும் ஒன்று என்பதால் 'தி அதர் ஷூ' என்றுதான் வர வேண்டும். சிலர் 'தி செகண்ட் ஷூ' என்றும் சொல்வதுண்டு, ஆனால் தேர்வில் அதை எழுத வேண்டாம்.